அழித்த பின்னும் வட்டு நிறைந்தே இருக்கிறது: ஹோம் அடைவில் வளரும் லாக் கோப்புகள்

வாசகர் கேள்வி. 3 மார்ச் 2024, ஞாயிறு, இரவு 10:05

ஐயா, சுங்கை சிப்புட்டில் நாங்கள் நடத்தும் பிரத்தியேக வகுப்பு நிலையத்தில் இருப்பது ஒரே ஒரு மேசைக் கணினிதான். லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ மேசைச்சூழல், ஹோம் பகிர்வுக்கு 75 ஜிபி. சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்ததும் அணைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன். இன்று இரவு வந்து மதிப்பெண் பட்டியலைச் சேமிக்க முயன்றபோது வட்டில் இடமில்லை என்று செய்தி வந்தது. என் அக்காள் மகன் தொலைபேசியில் சொன்னபடி மறைகோப்புகளைக் காட்டச் செய்து பார்த்தால், புள்ளியில் தொடங்கும் எக்ஸ்செஷன்-எரர்ஸ் என்ற கோப்பு மட்டும் 61 ஜிபி இருந்தது. குப்பைத்தொட்டிக்கு அனுப்பாமல் நிரந்தரமாகவே அழித்துவிட்டேன். கோப்பு போய்விட்டது, ஆனால் வட்டு இன்னும் 100 விழுக்காடு நிறைந்தே இருக்கிறது. என் கோப்புகள் 9 ஜிபி, அழித்தது 61 ஜிபி, கூட்டினால் 70 தான் வருகிறது. மீதி 5 ஜிபி எங்கே போனது என்பதும் விளங்கவில்லை. கணினியை இன்னும் அணைக்கவில்லை.

3 மார்ச் 2024, இரவு 10:40

டீச்சர், அந்தக் கோப்பு, மேசைச்சூழலில் ஓடும் நிரல்கள் தங்கள் பிழைச்செய்திகளை எழுதிவைக்கும் பதிவேடு, அதாவது லாக். நீங்கள் அழித்தது அதன் பெயரை மட்டும்தான். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த காலத்துப் பழக்கத்தில் சொல்வதானால், செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டீர்கள், ஆள் இன்னும் லயத்து வீட்டைக் காலி செய்யவில்லை.

லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் அடைவில் இருக்கும் ஒரு வரி; அதன் உள்ளடக்கம் வட்டில் வேறோர் இடத்தில் இருக்கும். பெயரை நீக்கினாலும், அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் ஒன்றாவது இயங்கிக்கொண்டிருக்கும் வரை உள்ளடக்கம் விடுவிக்கப்படாது. அந்த நிரல் பெயரில்லாத அந்தக் கோப்பில் தொடர்ந்து எழுதவும் செய்யும். ஆகவே 'டியூ' கட்டளை அடைவுகளில் பெயர்பெயராகச் சென்று கூட்டும்போது அது கணக்கில் வருவதில்லை. 'டிஎஃப்' கட்டளை வட்டையே கேட்பதால் அதற்கு மட்டும் தெரிகிறது. இரண்டும் முரண்பட்டால் முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான்.

முனையத்தில் 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' என்று கொடுத்தால் பெயரிழந்த பின்னும் திறந்திருக்கும் கோப்புகள் வரிசையாக வரும். (கட்டளைகளை ஒலிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.) வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் அந்த நிரல்கள் மூடப்பட்டு இடம் திரும்பிவிடும்.

3 மார்ச் 2024, இரவு 11:15

மேலே கடைசி வரியில் அவசரப்பட்டுவிட்டேன். டீச்சர், இன்னும் வெளியேறவில்லையென்றால் தயவுசெய்து வெளியேறாதீர்கள்.

காரணம் இரண்டு. வெளியேறும்போது எல்லா நிரல்களும் ஒழுங்காகச் சாகும் என்பதற்கு உறுதியில்லை. ஒன்று தப்பிப் பின்னணியில் நின்றால் வட்டு நிறைந்தபடியே இருக்கும், அப்போது மீண்டும் உள்நுழைய முடியாமல் போகலாம். அதைவிட முக்கியமானது, 61 ஜிபிக்கு என்னதான் எழுதியது என்ற சான்று வெளியேறியதும் மறைந்துவிடும். காரணம் தெரியாமல் இடத்தை மட்டும் மீட்டால், அடுத்த வார இறுதியில் இதே கேள்வியை மறுபடியும் கேட்பீர்கள்.

பெயர் போன கோப்பையும் படிக்க முடியும். எல்எஸ்ஓஎஃப் பட்டியலில் நிரலின் எண்ணும், அதற்குப் பக்கத்தில் கோப்புத் திறப்பின் எண்ணும் இருக்கும். பிழைச்செய்தி பெரும்பாலும் 2 என்ற எண்ணில் திறந்திருக்கும். /ப்ராக்/ அடைவுக்குள் நிரலின் எண், அதற்குள் எஃப்டி, அதற்குள் 2 என்ற பாதையைப் பிடித்து 'டெயில் -என் 50' கொடுத்தால் கடைசி ஐம்பது வரிகள் வரும்.

பட்டியலில் ஒரு நிரல் மட்டும் இருக்காது, பத்துப் பதினைந்து இருக்கும். மேசைச்சூழலில் தொடங்கும் ஒவ்வொரு நிரலும் அதே கோப்பைத் தாயிடமிருந்து பெறுவதால், யார் எழுதுகிறார் என்பது பட்டியலிலிருந்து தெரியாது. 'டாப்' கட்டளையில் செயலியை அதிகம் உறிஞ்சுவது எது என்று பாருங்கள். அதைக் கொல்ல வேண்டாம். 'கில் -ஸ்டாப்' கொடுத்து உறைய வைத்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம். படித்து முடித்த பிறகு அதே ப்ராக் பாதைக்கு 'ட்ரங்கேட் -எஸ் 0' கொடுத்தால் உள்ளடக்கம் காலியாகி, யாரும் வெளியேறாமலேயே இடம் அந்தக் கணமே திரும்பும்.

4 மார்ச் 2024, காலை 6:50

மீதி 5 ஜிபியைப் பற்றி நேற்று எழுத மறந்துவிட்டேன். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை உருவாக்கும்போது, வேறு எதுவும் சொல்லாவிட்டால், 5 விழுக்காட்டை ரூட் என்னும் நிர்வாகிப் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். உங்கள் 75 ஜிபியில் அது 3.75. எஞ்சியது கோப்பு முறைமையின் சொந்தக் குறிப்பேடுகளுக்குப் போகிறது. பசியாறிவிட்டு வருகிறேன்.

4 மார்ச் 2024, இரவு 9:30

டீச்சர் அனுப்பிய ஐம்பது வரிகளும் ஒரே வரி. 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று முடியும் வரி. நேரக் குறியீட்டில் கடைசி இலக்கங்கள் மட்டும் மாறுகின்றன.

எழுதியது அச்சுப்பொறியோடு வந்த துணை நிரல். திரையின் மூலையில் சின்னமாக உட்கார்ந்து, மை எவ்வளவு மீதமிருக்கிறது என்று சொல்வதே அதன் வேலை. சனிக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்கெல்லாம் நம் பக்கத்தில் இடிமழை கொட்டியது நினைவிருக்கும். மின்காப்புப் பெட்டியில் மாட்டியிருந்த கணினி தப்பிவிட்டது, சுவரில் நேராக மாட்டியிருந்த அச்சுப்பொறி செத்துவிட்டது. அச்சுப்பொறியோடு பேசும் பின்னணிச் சேவை அதோடு நின்றுவிட, சின்னமோ அந்தச் சேவையை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. சேவை இதே கணினியில் இருக்க வேண்டியது என்பதால் மறுப்பு உடனே வருகிறது. மறுப்பு வந்த பின் ஒரு விநாடி காத்திருக்க வேண்டும் என்பது அதை எழுதியவருக்குத் தோன்றவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வரிக்கு 110 பைட். நேரக் குறியீட்டைப் பார்த்தால் விநாடிக்கு ஏறத்தாழ 5,000 வரிகள். அப்படியானால் விநாடிக்கு 550 கேபி, மணிக்கு ஏறத்தாழ 2 ஜிபி. சனிக்கிழமை ஒரு மணியிலிருந்து 31 மணி நேரத்தில் 61 ஜிபி. அதாவது டீச்சர் நிலையத்துக்குள் நுழைவதற்கு ஓரிரு மணி நேரம் முன்னதாக, ஞாயிறு எட்டு மணி அளவில் வட்டு நிறைந்திருக்கிறது. கணக்கு இவ்வளவு அழகாக ஒத்துவந்தது இடிமழையின் தயவு.

4 மார்ச் 2024, இரவு 10:10

ஒரு தம்பி, கோப்பு முழுவதையும் 'சார்ட்' கொடுத்து வரிசைப்படுத்தி 'யூனிக் -சி' கொண்டு எண்ணினால் எந்த வரி எத்தனை முறை வந்தது என்று தெரிந்துவிடுமே என்று கேட்டிருக்கிறார். நானும் ஒரு காலத்தில் அதைத்தான் சொல்லிவந்தேன். 61 ஜிபி கோப்பில் அதைச் செய்யக் கூடாது. சார்ட் தன் நினைவகம் போதாதபோது தற்காலிகக் கோப்புகளை /டிஎம்பி அடைவில் எழுதும். ஹோம் நிறைந்த அதே இரவில் அந்தப் பகிர்வும் நிறைந்து, ஒரு நோய்க்கு இரண்டு நோயாகிவிடும். முதலில் டெயில் கொண்டு கடைசி ஒரு இலட்சம் வரிகளை மட்டும் எடுத்து, நேரக் குறியீட்டை வெட்டிவிட்டு, அதன் பிறகு எண்ணுங்கள். வெட்டாமல் எண்ணினால் ஒவ்வொரு வரியும் தனி வரியாகி, ஒன்று, ஒன்று, ஒன்று என்று ஒரு இலட்சம் ஒன்றுகள் வரும். செய்து பார்த்தவன் சொல்கிறேன்.

5 மார்ச் 2024, மாலை 5:20

உள்நுழைய முடியாமல் போகலாம் என்று எழுதியதற்கு விளக்கம் கேட்கிறார்கள். அது என் தலையில் விடிந்த கதை.

2017 இல் எங்கள் தோட்டக் கூட்டுறவுக் கடையின் கணினி என் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் காலையில் கடையைத் திறந்து கடவுச்சொல்லைத் தட்டினேன். திரை ஒரு கணம் கறுத்தது, மறுகணம் அதே உள்நுழைவுப் பெட்டி. தவறான கடவுச்சொல் என்று சொல்லவில்லை. மீண்டும் தட்டினேன், மீண்டும் கறுத்தது, மீண்டும் பெட்டி. பால்மரம் வெட்டப் போகும் முன் சீனியும் பிஸ்கட்டும் வாங்க வந்த பெண்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். கடன் கணக்கு முழுவதும் அதற்குள்தான். கடைசியில் ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு போய், வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவிக்கொண்டு வந்தேன். மூன்று மாதக் கடன் கணக்கைத் தாளிலிருந்து மறுபடி ஏற்ற இரண்டு வாரம் பிடித்தது. பழுது பார்த்த கடையைக் குறை சொல்ல மாட்டேன். துடைத்துத் தரச் சொன்னவன் நான்தான்.

நடந்தது என்ன என்பது இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் புரிந்தது. வரைகலை உள்நுழைவின்போது ஹோம் அடைவில் எக்ஸ்அத்தாரிட்டி என்ற சிறு மறைகோப்பு எழுதப்பட வேண்டும். வட்டில் ஒரு பைட்டும் இல்லையென்றால் அதை எழுத முடியாது, அமர்வு தொடங்கிய வேகத்தில் முடிந்துவிடும். அன்று நான் செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், அங்கே அதே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைந்து, பெரிய லாக் கோப்பைக் காலி செய்துவிட்டு, திரும்பி வருவது. எழுத்துத் திரையில் நுழைய அந்தச் சிறு கோப்பு தேவையில்லை. ஐந்து நிமிட வேலை.

அப்போது நான் 'டியூ -எஸ்எச்' கட்டளையின் பின்னால் நட்சத்திரக் குறி போட்டும் பார்த்திருந்தால்கூட ஏமாந்திருப்பேன். நட்சத்திரக் குறி புள்ளியில் தொடங்கும் பெயர்களைத் தொடாது. வளரும் கோப்புகளோ பெரும்பாலும் புள்ளிக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கின்றன. குறி போடாமல், ஆழம் ஒன்று என்று குறிப்பிட்டு, '-ஏ' சேர்த்து ஹோம் அடைவையே கேளுங்கள்.

6 மார்ச் 2024, இரவு 8:45

எதிர்பார்த்த ஆலோசனை வந்துவிட்டது: எக்ஸ்செஷன்-எரர்ஸ் என்ற பெயரில், எதை எழுதினாலும் விழுங்கிவிடும் /டெவ்/நல்லுக்கு ஓர் இணைப்பு (சிம்லிங்க்) போட்டுவிட்டால் எழுதுவதெல்லாம் காற்றில் போய்விடும், தொல்லை தீர்ந்தது என்கிறார்கள்.

மறுக்கும் முன் என் கணினியில் செய்து பார்த்தேன். அன்றைய அமர்வு முடியும் வரை எந்த மாற்றமும் இல்லை, ஏனென்றால் திறந்திருந்த நிரல்கள் பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருந்தன. மறுநாள் உள்நுழைந்து பார்த்தால் என் இணைப்பு, பின்னால் 'ஓல்டு' ஒட்டிய பெயரோடு ஓரமாகக் கிடந்தது. அதன் இடத்தில் உண்மையான புதுக் கோப்பு ஒன்று உட்கார்ந்திருந்தது. லைட்டிடிஎம் என்னும் உள்நுழைவு மேலாளர் ஒவ்வொரு முறையும் முந்தைய கோப்பைப் பெயர் மாற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்கும் வழக்கமுடையது. அது இணைப்பையும் கோப்பாகவே பாவித்துப் பெயர் மாற்றிவிட்டது. டெபியன் வழி வந்த முறைமைகளில் அமர்வைத் தொடங்கும் எக்ஸ்செஷன் கட்டளைத் தொகுப்பும் விழிப்பானது. அந்தப் பெயரில் இருப்பது இணைப்பு என்று கண்டால் அதை ஒதுக்கிவிட்டு /டிஎம்பி அடைவில் தற்காலிகக் கோப்பு ஒன்றைத் திறந்துகொள்ளும். /டிஎம்பி நினைவகத்தில் இருக்கும் கணினியானால், வட்டை நிரப்பியது இனி நினைவகத்தை நிரப்பும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. அன்றாடம் அணைத்துப் போடுகிறவர்களுக்கு இந்தப் பெயர்மாற்றமே ஒரு சுழற்சி முறைதான்: இன்றைய கோப்பு, நேற்றைய கோப்பு, அதற்கு முந்தையது போய்விட்டது. தொல்லை வருவது வாரக்கணக்கில் அணைக்காதவர்களுக்கும், ஒரே பிற்பகலில் வெறி பிடிக்கும் நிரல் வைத்திருப்பவர்களுக்கும்தான். ஜிடிஎம் என்னும் வேறோர் உள்நுழைவு மேலாளர் வழியாக நுழைகிறவர்கள் பலருக்கு அந்தக் கோப்பே இருக்காது. பிழைச்செய்திகள், சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் பொதுப் பதிவேடான ஜர்னலுக்குப் போய்விடுகின்றன.

9 மார்ச் 2024, இரவு 9:00

லாக் கோப்பு வளர்ந்ததும் பழையதை ஒதுக்கிப் புதிதாகத் தொடங்கும், அதாவது சுழற்றும், லாக்ரொட்டேட் என்ற கருவியைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

இது பெரும்பாலான லினக்ஸ் முறைமைகளில் ஏற்கெனவே இருக்கிறது. /வார்/லாக் அடைவில் இருப்பவற்றை நாள்தோறும் சுழற்றிவருவது இதுதான். ஆனால் ஹோம் அடைவு அதன் கணக்கில் இல்லை. நாமே சாதாரணப் பயனராக, நமக்கென்று ஒரு அமைப்புக் கோப்பு எழுதி இயக்கலாம். அந்தக் கோப்பில் முதலில் லாக் கோப்பின் முழுப் பாதை, அடுத்து வளைவு அடைப்புக்குள் விதிகள். நான் வைத்திருப்பவை: 'சைஸ் 20எம்', அதாவது 20 எம்பியைத் தாண்டினால் சுழற்று, 'ரொட்டேட் 3', பழையவை மூன்று போதும், 'கம்ப்ரஸ்', பழையதைச் சுருக்கு, 'மிஸ்ஸிங்ஓகே', கோப்பு இல்லையென்றால் கூச்சல் போடாதே, 'காப்பிட்ரங்கேட்'.

கடைசியாகச் சொன்னதைச் சற்று விளக்க வேண்டும். வழக்கமான சுழற்சியில் கோப்பின் பெயர் மாற்றப்பட்டுப் புதிய கோப்பு உருவாக்கப்படும். எழுதும் நிரலுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பி, புதியதைத் திறந்துகொள்ளச் சொல்ல வேண்டும். மேசைக் கணினியின் சிறு நிரல்களுக்கு அந்தச் சமிக்ஞை புரியாது. பெயர் மாறிய பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும், அந்தக் கோப்பு அழிக்கப்பட்ட பிறகும் விடாது எழுதும். டீச்சரின் ஞாயிற்றுக்கிழமை இரவு மறுபடியும் வந்துவிடும். காப்பிட்ரங்கேட் கொடுத்தால் உள்ளடக்கம் நகலெடுக்கப்பட்டு, மூலக் கோப்பு அதே இடத்தில் காலியாக்கப்படும். நகலெடுப்பதற்கும் காலியாக்குவதற்கும் இடைப்பட்ட கணத்தில் எழுதப்பட்ட வரிகள் தொலையக்கூடும். வங்கிக் கணக்கா வைத்திருக்கிறோம், போகட்டும்.

இயக்கும்போது '-எஸ்' கொடுத்து நிலைக் கோப்பின் பாதையை ஹோமுக்குள் காட்ட வேண்டும், ஏனென்றால் வழக்கமான நிலைக் கோப்பு /வார்/லிப் பக்கம் இருக்கிறது, அதில் எழுத நமக்கு உரிமையில்லை. என்னுடையதைப் புள்ளி-லோக்கல் அடைவுக்குள் ஸ்டேட் என்ற அடைவில் வைத்திருக்கிறேன். லாக், வரலாறு போன்ற நிலைத்தரவுகளுக்கென்றே அந்த இடத்தை எக்ஸ்டிஜி அடைவு வரையறை 2021 இல் ஒதுக்கியது. புதிய நிரல்கள் சில தங்கள் லாக் கோப்பையும் அங்கேதான் வைக்கின்றன. முதல் தடவை '-டி' கொடுத்து ஒத்திகை பாருங்கள். எதையும் தொடாமல் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் சொல்லும். அமைப்புக் கோப்பில் எல்லோருக்கும் எழுதும் உரிமை இருந்தால் லாக்ரொட்டேட் அதை ஏற்காது. எனக்கு ஏற்கவில்லை, அரை மணி நேரம் போனது.

பிறகு, குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் க்ரான் சேவைக்கு 'க்ரான்டேப் -இ' கொடுத்து, தினமும் இரவு இரண்டு மணிக்கு இயங்கும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

10 மார்ச் 2024, காலை 7:15

இரவு இரண்டு மணி என்று எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவியே சிரித்தாள். இரவு இரண்டு மணிக்கு நம்மில் யாருடைய கணினி ஓடுகிறது? க்ரான் அந்த நேரம் கடந்துவிட்டால் கடந்ததுதான், காலையில் நினைவு வைத்துக்கொண்டு செய்யாது. அணைத்துப் போடுகிறவர்கள் சிஸ்டம்டியின் பயனர் நேரங்காட்டி ஒன்றை அமைத்து, அதில் 'பெர்சிஸ்டென்ட்' என்ற விதியை ஆம் என்று வையுங்கள்; தவறவிட்ட முறையை அடுத்த உள்நுழைவில் நிறைவேற்றிவிடும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றும் இருக்கிறது. 'சைஸ் 20எம்' என்பதைப் படிக்கும்போது, 20 எம்பி வந்ததும் அணை போட்டுவிடும் என்று தோன்றுகிறது. அப்படியில்லை. லாக்ரொட்டேட் இயங்கும் கணத்தில்தான் அளவைப் பார்க்கும். நாளுக்கு ஒருமுறை இயங்கினால், மணிக்கு 2 ஜிபி எழுதும் நிரல் இரண்டு முறைகளுக்கிடையே 48 ஜிபி எழுதியிருக்கும். மேலும், காப்பிட்ரங்கேட் நகலெடுப்பதற்கு அதே அளவு வெற்றிடம் வேண்டும். 48 ஜிபி கோப்பை நகலெடுக்க இன்னொரு 48 ஜிபிக்கு எங்கே போவது? மணிக்கு ஒருமுறை இயக்குங்கள். அப்போதும் இது மெல்ல வளரும் கோப்புகளுக்கான மருந்துதான், சனிக்கிழமை நடந்ததைத் தடுக்காது.

17 மார்ச் 2024, பிற்பகல் 3:30

கோப்பின் அளவுக்கே வரம்பு போடும் 'யூலிமிட் -எஃப்' கட்டளையை ஒருவர் பரிந்துரைத்திருந்தார். உள்நுழைவுத் தொகுப்பில் 200 எம்பி என்று போட்டுப் பார்த்தேன். வேலை செய்தது. எல்லாவற்றின் மீதும் வேலை செய்தது. அந்த வரம்பு லாக் கோப்பு, மற்றக் கோப்பு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அந்த அமர்வில் பிறக்கும் ஒவ்வொரு நிரலும் எழுதும் ஒவ்வொரு கோப்புக்கும் அதே வரம்புதான். எங்கள் தோட்ட ஆலயத் திருவிழாக் காணொளியை வெட்டி ஒட்டி ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நிரல், 200 எம்பியைத் தொட்டதும் ஒரு சொல்லும் சொல்லாமல் செத்து விழுந்தது. தீமிதியில் பாதிப் பேர் இறங்கவேயில்லை. வரம்பை எடுத்துவிட்டேன்.

2 ஏப்ரல் 2024, இரவு 10:20

ட்ரங்கேட் கொடுத்தேன், 'எல்எஸ்' மறுபடியும் பழைய அளவையே காட்டுகிறது, ஏமாற்றுகிறதா என்று ஒரு வாசகர் கேட்டார். இல்லை; அவர் சொன்ன கட்டளையைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. நிரலைத் தொடங்கும்போது வெளியீட்டை ஒற்றை அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பியிருக்கிறார். அப்படித் திறக்கப்பட்ட கோப்பில், நான் எத்தனையாவது பைட்டில் இருக்கிறேன் என்ற இடக்கணக்கு எழுதும் தரப்பிடமே இருக்கும். நடுவில் நாம் காலி செய்தாலும் அடுத்த வரியை அது விட்ட இடத்திலேயே, உதாரணமாக 3 ஜிபியாவது பைட்டில், எழுதும். அதற்கு முன்னால் இருப்பது வெறும் ஓட்டை. எல்எஸ் ஓட்டையையும் சேர்த்து 3 ஜிபி என்று சொல்லும். டியூ வட்டில் உண்மையில் பிடித்த சில கேபியை மட்டும் சொல்லும். அதே கட்டளையில் இரட்டை அம்புக்குறி போட்டால் ஒவ்வொரு வரியும் கோப்பின் அப்போதைய முடிவில் சேரும், காலி செய்தால் பூச்சியத்திலிருந்து தொடங்கும். காப்பிட்ரங்கேட் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: ஒரு குறி குறைந்தால், சுழற்றும் ஒவ்வொரு முறையும் முன்பக்கம் ஓட்டையான நகல் கிடைக்கும்.

நான் இப்போது எனக்கென்று முடிவு செய்திருப்பது வேறு வழி. வாயாடி நிரலின் வெளியீட்டை மட்டும் ஜர்னலுக்குத் திருப்பிவிடுகிறேன். உள்நுழையும்போது தானாகத் தொடங்கும் நிரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கோப்பு /எட்ஸி/எக்ஸ்டிஜி/ஆட்டோஸ்டார்ட் அடைவில் இருக்கும். அதைப் புள்ளி-கான்ஃபிக் அடைவிலுள்ள ஆட்டோஸ்டார்டுக்குள் அதே பெயரில் நகலெடுத்தால் நம் நகலே செல்லுபடியாகும். அதில் 'எக்ஸெக்' என்று தொடங்கும் வரியில், நிரலின் பெயருக்கு முன் 'சிஸ்டம்டி-கேட் -டி' என்பதையும் ஓர் அடையாளச் சொல்லையும் சேர்த்தால் போதும்.

ஜர்னலுக்கு இரண்டு குணங்கள் உண்டு, இரண்டும் இங்கே வேண்டியவை. தான் இருக்கும் கோப்பு முறைமையின் 10 விழுக்காட்டுக்கு மேல், எவ்வளவு பெரிய வட்டானாலும் 4 ஜிபிக்கு மேல், நாம் மாற்றாதவரை அது வளராது; பழையதைத் தானே தள்ளிவிடும். மேலும் ஒரே சேவையிலிருந்து 30 விநாடிக்குள் 10,000 செய்திகளுக்கு மேல் (வட்டில் வெற்றிடம் நிறைய இருந்தால் அதன் சில மடங்குக்கு மேல்) வந்தால் மிகுதியை ஏற்காமல், இத்தனை செய்திகளை ஒதுக்கினேன் என்று ஒரே வரியில் குறித்துவைக்கும். விநாடிக்கு 5,000 வரி கத்தும் நம் சின்னம் சில விநாடிகளிலேயே வாயடைத்துப்போயிருக்கும். ஜர்னல் வட்டில் இருப்பது /வார் பக்கம். டீச்சருடையதுபோல் ஹோம் தனிப் பகிர்வாக இருந்தால், மதிப்பெண் பட்டியலுக்கான இடத்தை அது தொடவே தொடாது.

3 ஏப்ரல் 2024, காலை 7:05

ஒரு திருத்தம். நேற்று எழுதியதைப் படித்தால் எல்லா நிரலையும் ஜர்னலுக்குத் திருப்பச் சொன்னதுபோல் இருக்கிறது. வேண்டாம். அந்த ஒரே வரம்பை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டால், ஒருவன் கத்தும்போது மற்றவன் முனகியது கேட்காமல் போகும். கத்துகிறவனை மட்டும் திருப்புங்கள்.

21 ஏப்ரல் 2024, மாலை 6:40

நேற்று நிலையத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். டீச்சர் காப்புநகல் எடுக்கும் 64 ஜிபி விரலி மார்ச் முதல் வாரத்திலிருந்து ஒருமுறைகூட முழுமையாக ஓடியிருக்கவில்லை. அழிப்பதற்கு முன்பே அன்று ஞாயிறு காலை தானாகத் தொடங்கிய ஆர்சிங்க் என்ற காப்புநகல் கட்டளை, பாதி வளர்ந்த லாக் கோப்பையும் சேர்த்து விரலிக்குள் ஏற்றி அதை நிரப்பியிருக்கிறது. கணினியில் அழித்தாயிற்று, விரலியில் 36 ஜிபி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதை நீக்கிவிட்டு, ஆர்சிங்க் வரியில் எக்ஸ்செஷன்-எரர்ஸ் என்று தொடங்கும் எதையும் விலக்கும்படி 'எக்ஸ்க்ளூட்' சேர்த்தோம்.

நீக்குவதற்கு முன் அந்த 36 ஜிபியின் தலைப்பகுதியை, இடிமழைக்கு முந்தைய வரிகளை, ஒரு பார்வை பார்த்தோம். ஆவணம் திறக்கும் நிரல் ஒன்று எச்சரிக்கை கொடுக்கும்போதெல்லாம் கோப்பின் முழுப் பெயரையும் எழுதியிருந்தது. பிள்ளைகளின் பெயர், வகுப்பு, கட்டணம் பாக்கி என்பதெல்லாம் கோப்புப் பெயரிலேயே இருக்கிறது. டீச்சர் மார்ச் 4 அன்று கடைசி ஐம்பது வரிகளை மட்டும் அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. தலைப்பகுதியை அனுப்பியிருந்தால், எந்த வீட்டில் எத்தனை வெள்ளி பாக்கி என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். உதவி கேட்டு லாக் அனுப்புகிறவர்கள் ஒருமுறை கண்ணால் ஓட்டிவிட்டு அனுப்புங்கள்.

அச்சுப்பொறி ஈப்போவிலிருந்து திரும்பி வந்துவிட்டது. மூலையில் இருந்த சின்னத்தைத் தானியங்கிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். அது இல்லாமலும் தாள் அச்சாகிறது, மை தீர்ந்தால் அச்சு வெளுத்துக் காட்டுகிறது. நான் கிளம்பும்போது எக்ஸ்செஷன்-எரர்ஸ் 38 கேபி இருந்தது.